வீடு மாறும் நாளில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

12 ஆண்டுகளில் 6 முறை வாடகை வீடு மாறியிருக்கிறேன். அதில் இரண்டாவது முறை பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை. செலவுக் கணக்கைக் கவனமாகத்தான் போட்டிருந்தேன். பழைய வீட்டு முன்பணம் திரும்பி வரும், அதை அப்படியே புது வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி. சாவியை ஒப்படைத்தபோது உரிமையாளர், “அடுத்த ஆள் குடிவந்ததும் தந்துவிடுகிறேன்” என்றார். புது வீட்டுக்கோ அன்று மாலைக்குள் பணம் கட்டியாக வேண்டும். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. அந்த வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவராக அழைத்துக் கடன் கேட்டேன். நான்காவதாக அழைத்த தோழிதான் கொடுத்தாள்.

அதன்பிறகு என் நோட்டில் தொகைக்கு முன்னால் தேதியை எழுதுகிறேன். வீடு மாறுவதற்கு ஆகும் செலவு வேறு, அந்த நாளில் கையில் இருக்க வேண்டிய ரொக்கம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் திண்டாடுகிறார்கள்.

கணக்குப் போட எளிய வழி, புது வீட்டின் ஒரு மாத வாடகையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது. கடைசியாக மாறியபோது நான் போட்ட கணக்கையே சொல்கிறேன். முன்பணம் 3 பங்கு, முதல் மாத வாடகை 1, தரகருக்கு 1. சாவியை வாங்கும் நாளிலேயே 5 பங்கு போய்விட்டது. வண்டிக்கும் ஏற்றி இறக்குகிறவர்களுக்கும் அரைப் பங்கு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கட்டிய 10 நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு. திரைத்துணி, பல்பு, கொக்கி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று புது வீட்டில் முதல் வாரம் கேட்டவற்றுக்கு அரைப் பங்கு. இதுவரை 6 பங்குக்குச் சற்று மேல். எதிர்பாராததற்கு இன்னொரு 10 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 7.

இதில் திரும்பி வராத செலவு எவ்வளவு தெரியுமா? தரகு, வண்டி, கூடுதல் நாள் வாடகை, சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்து 2 பங்குக்குக் கொஞ்சம் மேல். முன்பணம் என் பணமாகவே உரிமையாளரிடம் இருக்கிறது. மாத வாடகையை எங்கிருந்தாலும் கட்டத்தான் போகிறோம். ஆனாலும் அந்த வாரத்தில் 7 பங்கு கையில் இருந்தே ஆக வேண்டும். பழைய வீட்டின் முன்பணம் எனக்கு 40 நாள் கழித்துத்தான் வந்தது. சுவர்ப் பூச்சுக்கென்று அரைப் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே பழைய முன்பணத்தை வரவுப் பக்கம் எழுதவே எழுதாதீர்கள். வந்தபின் எழுதிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் முன்பணம் எத்தனை மாதம், தரகு யார் தலையில் என்பதெல்லாம் வேறுபடும். பங்குகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தைச் சேர்க்க நான் கண்ட நல்ல வழி ஒன்று உண்டு. வாடகை கூடுதலான வீட்டுக்குப் போகும் எண்ணம் வந்ததும், புது வாடகைக்கும் பழைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை 3 மாதம் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்துவைத்தேன். மூன்றாம் மாதக் கடைசியில் அதில் கைவைக்க வேண்டி வந்தது. அந்த வாடகை எனக்குத் தாங்காது என்று புரிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் குறைந்த வாடகையில் தேடினேன். அந்த 3 மாதச் சேமிப்பு வண்டிச் செலவுக்கு உதவியது. ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்காமல் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், வண்டி நிறுத்தும் இடம், வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வாடகையில் மிச்சமாவது போக்குவரத்தில் கரைந்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, காலி செய்வதை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற வரி. அதைப் பார்க்காமல் புது வீட்டை முடிவு செய்தால் இரண்டு வாடகை மாதக்கணக்கில் ஓடும். எழுத்தில் சொல்லுங்கள், சொன்ன தேதி தெரிய வேண்டும். அதேசமயம், இரண்டு வீடும் ஒரு வாரமாவது கையில் இருப்பதை வீண் செலவாக நான் நினைக்கவில்லை. காலி வீட்டில் குழாய் ஒழுகுவதும் சுவிட்ச் வேலை செய்யாததும் உடனே தெரியும், சாமான் வருவதற்குள் சரிசெய்துவிடலாம். பழைய வீட்டையும் அவசரமில்லாமல் துடைத்துக் கொடுக்கலாம். கூடுதலாகக் கட்டும் அந்தச் சில நாள் வாடகை, முன்பணத்தில் பிடித்தம் குறைய உதவும்.

வண்டிக்கு விலை கேட்கும்போது “இரண்டு அறை வீடு” என்று மட்டும் சொல்லாதீர்கள். நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், அல்லது அலமாரிகளையும் பரணையும் திறந்து காட்டி வீடியோ அனுப்புங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம், கட்டிலைக் கழற்றி மாட்டித் தருவார்களா, காத்திருந்தால் கூடுதல் கட்டணமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மூன்று பேரிடம் கேட்டால் போதும். மிகக் குறைவாகச் சொன்னவர் எதையெல்லாம் சேர்க்கவில்லை என்று பாருங்கள். காப்பீடு உண்டு என்றால், நாமே கட்டிய பெட்டிகளுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள்; பல நேரம் பொருந்தாது. மாதக் கடைசியிலும் விடுமுறை நாளிலும் வண்டிக்குப் போட்டி அதிகம். மாத நடுவில் ஒரு வேலை நாளில் மாறினால் விலை பேச இடம் இருக்கும்.

அளவெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்காவது முறை மாறியபோது வாசற்கதவை அளந்திருந்தேன்: 85 சென்டிமீட்டர். பீரோவின் ஆழம் 48. தாராளம் என்று நினைத்தேன். மூன்று பேர் பீரோவைச் சாய்த்துத் தூக்கி, முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்துக்கு வந்தார்கள். பீரோவின் தலை மேல்படியின் அடிப்புறத்தில் முட்டியது. நிமிர்த்தினாலும் முட்டியது, படுக்கவைத்தால் சுவர் இடித்தது. கீழ்முனையைப் பிடித்திருந்தவர் கை நடுங்க, “அக்கா, இது இங்கே திரும்பாது” என்றார். 198 சென்டிமீட்டர் உயரமான பீரோவுக்கு அந்தத் திருப்பம் போதவில்லை. திரும்ப இறக்கி, கயிறு கட்டி, பால்கனி வழியாக ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. கூடுதல் கூலி, ஒரு நீளக் கீறல், அதைவிடப் பெரிதாக அந்த மனிதரின் நசுங்கிய விரல். என் கவனக்குறைவால் இன்னொருவர் காயப்பட்டது இன்றும் உறுத்துகிறது. ஆகையால் கதவைத் திறந்துவைத்து, பலகையின் தடிமன் போக மீதமுள்ள இடைவெளியை அளங்கள். படி திரும்பும் இடத்தின் அகலம், அதன் மேலே இருக்கும் உயரம், லிஃப்டின் உள்ளளவு, இவற்றையும் அளங்கள். எந்தப் பெரிய பொருள் ஏறாது என்று முன்பே தெரிந்தால் விற்றுவிடலாம், வண்டிக்கூலியும் குறையும்.

கட்டுவதை 4 வாரம் முன்பே தொடங்குங்கள். ஓர் ஆண்டாகத் தொடாததை முதலில் ஒதுக்குங்கள், ஏனென்றால் வேண்டாததைக் கொண்டுபோகவும் காசு கொடுக்கிறோம். புத்தகங்கள் சின்னப் பெட்டியில், தலையணையும் துணியும் பெரிய பெட்டியில். எந்தப் பெட்டியும் 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். கழற்றிய திருகாணிகளைச் சின்னப் பையில் போட்டு அந்தந்தப் பொருளிலேயே ஒட்டிவிடுங்கள். பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கவாட்டில் எழுதுங்கள். ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, பனி உருகவிட்டுத் துடைத்துவிட வேண்டும். நிமிர்த்தியே கொண்டுபோவது நல்லது. படுக்கவைக்க நேர்ந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்கச் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம் என்றால், வாங்கியபோது டிரம்மைப் பூட்டியிருந்த போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். எரிவாயுவும் பெட்ரோலும் பெயிண்ட்டும் வண்டியில் ஏறக் கூடாது.

மருந்து, சார்ஜர், ஒரு நாள் துணி, விரிப்பு, சோப்பு, கத்தரிக்கோல், ஒரு பல்பு ஆகியவற்றைத் தனிப் பையில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடையாள ஆவணங்களும் ஒப்பந்தமும் அந்தப் பையில்தான்.

சாவி கைமாறும் இரண்டு நேரத்திலும், பழைய வீட்டில் கொடுக்கும்போதும் புது வீட்டில் வாங்கும்போதும், ஒரே வேலையைச் செய்கிறேன். மின்சார மீட்டரின் எண், தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் எண், ஒவ்வோர் அறையின் நான்கு சுவர், தரை, குழாய், கழிப்பறைத் தொட்டி என்று படம் எடுக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் விரிசலையும் கறையையும் கிட்டப் போய் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம். எத்தனை சாவி, எத்தனை விசிறி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். படங்களை அன்றே உரிமையாளருக்கும் அனுப்பிவிடுகிறேன், தேதி அவர் பக்கமும் பதிவாகிவிடும். அரை மணி நேர வேலைதான். முன்பணமாகக் கொடுத்த 3 பங்கைத் திரும்பக் கேட்க நம் கையில் உள்ள சாட்சி இந்தப் படங்கள்தான்.

பிறகு வங்கி, அலுவலகம், காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி என்று முகவரியை மாற்றுங்கள்.

பழைய முன்பணம் வந்து சேர்ந்ததும் அதை முதலில் எடுத்த சேமிப்பிலேயே திரும்பப் போடுகிறேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் இந்த வீட்டின் ஒப்பந்தம் முடியும் தேதியையும், காலி செய்வதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறேன்.