அலையாத்தி நடுவது எப்படி? முதலில் ஒரு குச்சியை நடுங்கள்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களில் சுரபுன்னை ஒரு வகை. நான் முதன்முதலில் நட்ட சுரபுன்னைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கடல்நீர் வடியும் வற்றத்தில் பளபளத்த சேற்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். மாதத்தில் பெரும்பாலான நாள் அந்த இடம் தண்ணீருக்கடியில் கிடக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் நடவுக்கு முந்தைய வேலைதான்.

படி 1: அனுமதி

பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திகள் காப்புக்காடுகள். வேறு கழிமுகமானாலும் வனத்துறையிடம் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

படி 2: தண்ணீரைப் பாருங்கள்

நடவிருக்கும் இடத்தில் மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றி, அமாவாசை முதல் பௌர்ணமி வரை ஈரம் ஏறும் உயரத்தைக் குறித்து வாருங்கள். தரை, கடல்நீர் உயரும் ஏற்றத்தில் நனைய வேண்டும், வற்றத்தில் வெளியே தெரிய வேண்டும். தமிழகக் கரையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். தரைமட்டம் ஒரு சாண் தவறினாலும் செடி தப்பாது.

எப்போதும் மூழ்கியிருக்கும் தரையில் நாடா போன்ற பச்சை இலைகள் அசைகின்றனவா? அது பாசி அல்ல, வேரும் பூவும் உள்ள கடற்புல். அதன் நடுவே அலையாத்தி நட்டால் இரண்டுக்கும் கேடு. பிலிப்பைன்ஸில் அப்படி நட்ட கன்றுகள் பெருமளவில் மடிந்தன. கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். கடற்பசுவைக் காக்கவே 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சிக்கல் வேறு. பிச்சாவரத்தில் முன்பு காட்டை மொட்டையாக வெட்டியதில் தரை தாழ்ந்து குழியானது. ஏற்றத்தில் புகுந்த நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பேறியது. அங்கே எத்தனை நாற்று நட்டு என்ன பயன்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் போல வாய்க்கால் வெட்டின: நடுவில் பெரியது ஒன்று, இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதநீர், அதாவது ஏறி வடியும் கடல்நீர், வந்துபோகத் தொடங்கிய பிறகே காடு திரும்பியது.

படி 3: விதை

இன்னொரு அலையாத்தி வகையான வெண்கண்டலின் விதை மழைக்காலத்தில் உதிரும். பெரிய மொச்சை அளவு இருக்கும். கழிமுக நீரில் ஊறவைத்தால் தோல் தானே கழன்றுவிடும். கழிமுக வண்டல் நிரப்பிய பையில் லேசாக அழுத்தி, ஓதநீர் எட்டும் இடத்தில் அடுக்குங்கள்.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் தொங்கும். கையால் தொட்டதும் கழன்று வருவதை மட்டும் எடுங்கள், இழுத்துப் பறிக்காதீர்கள்.

படி 4: நடவு

சுரபுன்னைக்குப் பை தேவையில்லை. கூர்முனை கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். தலைகீழாக ஊன்றுபவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், நானும் ஊன்றியிருக்கிறேன். வெண்கண்டல் கன்றைப் பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள்.

படி 5: காவல்

வெண்கண்டல் இலை என்றால் ஆட்டுக்கு உயிர். வேலி போடுங்கள், அதைவிட, அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவரையே காவலுக்கு அமர்த்துங்கள்.