புதுப்பேட்டையில் வாங்கிய இன்ஜின்

என் லாரிக்குச் சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் இடத்தில், பழைய ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று வாங்கினேன். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, கையால் லேசாகச் சுற்றியது. அதை மட்டும் நம்பியது தப்பு. பிரித்தால், கிராங்க்கில் பேரிங் உட்காரும் ஒரு ஜர்னலில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு. 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டோம்.

அதைவிட முக்கியம் லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய். அது உட்காரும் விளிம்பில் துரு ஒட்டியிருந்தால் ஒரு லைனர் மட்டும் தூக்கி நிற்கும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் சரியாக அழுந்தாது, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். விளிம்பைச் சுரண்டித் துடைத்து, டயல் கேஜ் வைத்து ஆறு லைனரின் உயரத்தையும் அளந்த பிறகுதான் ஹெட்டை மாட்டச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் அலுத்துக்கொண்டார், பரவாயில்லை.

அப்புறம், பில்லைப் பத்திரமாக வையுங்கள். இன்ஜின் எண் மாறுவதை ஆர்.சி.யில் பதிய அது வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு, டீசலை அடைத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃபில் சுற்றினோம். டீசலைத் திறந்ததும் ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆனது.