குங்ஃபூ உதையை வரைவது எப்படி? பால் குலாசியின் பக்கங்களை வைத்து ஒரு பயிற்சி

உதைக்கிற காலை எத்தனை தடவை அழித்து அழித்து வரைந்தாலும் உதையில் பலமே தெரியவில்லையா? கோளாறு பெரும்பாலும் அந்தக் காலில் இருக்காது, தரையில் ஊன்றிய காலில்தான் இருக்கும். எனக்கு இது உறைத்தது பால் குலாசியின் காமிக்ஸ் பக்கங்களைப் பார்த்தபோதுதான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர் குலாசி. மார்வெல்லின் 'மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ' தொடரை 1974-இல் 18-ஆம் இதழில் வரையத் தொடங்கினார். இருபதைத் தொட்ட வயது. 1977-இல் 50-ஆம் இதழோடு விலகினார். புரூஸ் லீ 1973 ஜூலையில் மறைந்திருந்தார். நாயகன் ஷாங்-சியின் முகத்தில் அவர் சாயலைக் கொண்டுவந்தார் குலாசி. பின்னாளில் 'சேபர்' என்ற கிராஃபிக் நாவல், பேட்மேன் கதைகள் என்று நிறைய வரைந்தார். சண்டை வரையப் பழக நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த முதல் சில வருடப் பக்கங்களைத்தான்.

ஏ4 தாள், பென்சில், ரப்பர், கறுப்பு மை, ஒரு சின்ன பிரஷ். இவ்வளவு போதும்.

படி 1: ஒரே இழுப்பு

பக்கவாட்டு உதையை எடுத்துக்கொள்வோம். தலையில் ஆரம்பித்து உதைக்கும் குதிகால் வரை லேசாக வளைந்த ஒரே கோடு, வில் மாதிரி. கையை எடுக்காமல் இழுங்கள். முகம், விரல், சட்டை மடிப்பு எதுவும் இப்போது வேண்டாம்.

படி 2: ஊன்றிய கால்

இங்கே அவசரப்படாதீர்கள். ஊன்றிய பாதத்தின் குதிகால் எதிராளியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பலர் விரல்களை அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். இடுப்பு திரும்பாத, பொம்மைத்தனமான உதை வரும். நம்பிக்கை இல்லையென்றால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு முறை உதைத்துப் பாருங்கள், குதிகால் தானே திரும்பும். கால் மேலே போகப் போக உடம்பு எதிர்ப்பக்கம் சாய்வதையும் கவனியுங்கள். சாயாமல் நிமிர்ந்தே வரைந்தால் ஆள் விழுந்துவிடுவான் என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

படி 3: மூன்று கட்டங்கள்

குலாசியின் கைவரிசை இதில்தான். ஒரே அசைவைத் துண்டுபோட்டு, சினிமா பிலிம் மாதிரி அடுத்தடுத்த கட்டங்களில் வைப்பார். நீங்களும் ஒரே அகலத்தில் மூன்று ஒடுங்கிய கட்டங்கள் போடுங்கள். முதலில் முழங்கால் நெஞ்சுக்கு ஏறுகிறது. அடுத்ததில் கால் நீண்டுவிட்டது, ஆனால் எதிராளியைத் தொட ஒரு விரற்கடை பாக்கி. மூன்றாவதில் எதிராளி ஏற்கெனவே பின்னால் பறக்கிறான்.

அடி விழும் கணத்தை வரையவே வேண்டாம், இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் அது நடந்து முடியட்டும். 'டிஷ்யூம்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். நான் எழுதமாட்டேன்.

படி 4: கறுப்பு

விளக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டு, மறுபக்கத்தைத் தயங்காமல் மையால் நிரப்புங்கள். ஒரு கட்டத்தையாவது வெறும் நிழலுருவமாக வையுங்கள். அதைப் பார்த்தே உதை புரியவில்லை என்றால் திரும்பப் படி 1.

மை முழுக்கக் காய்ந்த பிறகே ரப்பர். பொறுமையில்லாமல் தேய்த்து நான் கெடுத்த தாள்களுக்குக் கணக்கே இல்லை.