டிஏசி வாங்கும் முன் சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

விலை உயர்ந்த டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்றைப் பழையதோடு ஒப்பிட்டுக் கேட்கப் போகிறீர்களா? முதலில் இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்குங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதையே காது "தெளிவு" என்று நம்பிவிடும். ஆர்சிஏ என்ற சாதாரண ஆடியோ இணைப்பு வழியாகப் பெரும்பாலும் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை இணைப்பில் 4 வோல்ட் வரும். அதுவே 6 டெசிபல் வித்தியாசம்!

400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து, இரண்டிலும் ஒரே அளவு வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். மீட்டரின் அளவுமுனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, கவனம்.

அப்புறம் நன்கு பழகிய பாட்டு ஒன்றை, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். மாற்றிக் கொடுக்க வீட்டில் யாராவது உதவட்டும். வித்தியாசமே தெரியவில்லையா? சரி, அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கு வையுங்கள். காதுக்குப் புலப்படும் மாற்றம் அங்கேதான் அதிகம்.