ஓபியாய்டு சிகிச்சைக்கு மாடல் போடுகிறீர்களா? வெளியேறுபவர்களை எண்ணுங்கள்

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்களுக்கான சேவைகளைத் திட்டமிட இன்று கணினி மாடல்கள் கைகொடுக்கின்றன. எத்தனை பேருக்கு இடம் வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்கினால் அதிக உயிர்களைக் காக்கலாம் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். இதில் கணக்கே பிழையாவது குறைவு. மனிதர்கள் சிகிச்சையை விட்டுப் போவதையும் திரும்பி வருவதையும் மறந்துவிடுவதால் வரும் பிழைகளே அதிகம்.

சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுவது இதில் பெரிய தவறு. ஒரு மையத்தில் மாதம் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், ஒருவர் சராசரியாக 4 மாதம் நீடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்போது எண்ணினாலும் சுமார் 80 பேர் இருப்பார்கள். இதை 160 ஆக்க, சேர்க்கையை மாதம் 40 ஆக்கலாம். அல்லது நீடிக்கும் காலத்தை 8 மாதமாக்கலாம். அறிக்கையில் இரண்டுமே 160தான். ஆனால் முதல் வழியில் மாதந்தோறும் 40 பேர் வெளியேறுகிறார்கள், இரண்டாவதில் 20 பேர்.

அப்படி வெளியேறுவதில்தான் உயிராபத்து இருக்கிறது. 2017-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வின்படி, இந்தச் சிகிச்சைக்கான மருந்தான மெத்தடோனை எடுத்து வந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள். சிகிச்சைக்கு வெளியே இருந்த காலத்தில் 36 பேர். நிறுத்திய முதல் 4 வாரங்கள் மிகவும் மோசமானவை. உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவு போதைப்பொருளையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். மெத்தடோன் தொடங்கும் முதல் 4 வாரங்களிலும் ஆபத்து கூடுதல். சேர்க்கையை உயர்த்தவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரின் உயிரும் ஆபத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மாடல் காட்டியே ஆக வேண்டும்.

அதற்கு மாடல் ஒவ்வொரு படியிலும் நகரும் கால அளவையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் ஓவர்டோஸால் இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரும் மாடலில் இந்த இரண்டு வாரங்கள் சராசரிக்குள் கரைந்துவிடும். வாரக் கணக்கில் நகர்த்துங்கள். கணினிக்கு அது பெரிய சுமையில்லை.

ஹெராயின் காலத்துத் தரவை அப்படியே போடுவதும் ஏமாற்றும். ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற ஓபியாய்டு பரவிய இடத்தில் ஒவ்வொரு முறை போதை எடுப்பதும் முன்பைவிட ஆபத்தானது. பழைய இறப்பு விகிதத்தை வைத்தால், சிகிச்சையால் கிடைக்கும் பலன் குறைவாகத் தெரியும்.

ஒற்றை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஓவர்டோஸை முறிக்கும் நாலாக்சோனை மக்களிடம் விநியோகிப்பது பற்றி 2013-ல் வந்த மாடல் ஆய்வு, 227 பெட்டிகளுக்கு ஓர் உயிர் காக்கப்படும் என்றது. பலர் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணை மட்டுமே. அதே ஆய்வு தந்த வரம்பு 71 முதல் 716 வரை. பட்ஜெட் போடுபவருக்கு அந்த வரம்புதான் முக்கியம்.

செலவுக் கணக்கில், 'செலவுக்கேற்ற பலன் தருவது' வேறு, 'பணத்தை மிச்சப்படுத்துவது' வேறு. முதல் தகுதி இருந்தாலே ஒரு சேவைக்குப் பணம் ஒதுக்கலாம். மாரடைப்பு சிகிச்சை தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. போதை சிகிச்சையிடம் மட்டும் கேட்பது அநியாயம். சுகாதாரத் துறை செலவழிக்க, மிச்சமோ சிறைத்துறையிலும் நீதிமன்றத்திலும் தெரியும். ஒரு துறையின் கணக்கை மட்டும் பார்த்தால் நல்ல திட்டம் நஷ்டமாகத் தோன்றும்.

மாடலைத் தொடங்கும் முன், மருந்து கொடுக்கும் நர்ஸிடமும் இடையில் நின்றவர்களிடமும் ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். தினமும் நேரில் வந்து டோஸ் வாங்குவது வேலை நேரத்தோடு மோதுகிறது என்று ஒருவர் சொன்னால், அதுவே நீங்கள் மாடலில் சோதிக்க வேண்டிய மாற்றம். அமெரிக்காவில் 2020 மார்ச்சில், நிலையாக இருக்கும் நோயாளிகள் 28 நாள் வரைக்கான மெத்தடோனை வீட்டுக்கு எடுத்துச்செல்ல வழி திறந்தார்கள். 2024-ல் அந்தத் தளர்வை நிரந்தர விதியாக்கினார்கள். இப்படியொரு மாற்றத்தால் ஒருவர் நீடிக்கும் காலம் 4 மாதத்திலிருந்து 5 ஆனால் என்ன நடக்கும் என்று முதலில் ஓட்டிப் பாருங்கள்.