குடல் அழற்சி நோய் பத்தின ஸ்டடியை எப்படி படிக்கிறது

குடல் அழற்சி நோயோட ரெண்டு முக்கிய வகையான க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பத்தி "ரிஸ்க் ரெண்டு மடங்கு"ன்னு ஒரு ஸ்டடி கண்ணுல பட்டா பதறாதீங்க, முதல்ல எதோட ரெண்டு மடங்குன்னு தேடுங்க, ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்றது ரெண்டு பேருக்கு ஆனாலும் ரெண்டு மடங்குதான்.

அடுத்து யாரை வச்சு பண்ணாங்கன்னு பாருங்க, இதைத்தான் நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. கொலைட்டிஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தர்ற டோஃபாசிடினிப் மாத்திரையையே உதாரணமா பாருங்க, இதயம், கேன்சர், ரத்தக்கட்டு எச்சரிக்கைக்கு காரணமான பெரிய ட்ரையல்ல இருந்தவங்க குடல் நோயாளிங்களே இல்ல, முடக்குவாதம் இருந்தவங்க, வயசு 50க்கு கம்மி இல்லாம, அதுலயும் இதய ரிஸ்க் ஒண்ணாவது ஏற்கனவே இருந்தவங்க. ஆனாலும் 2021ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த எச்சரிக்கையை கொலைட்டிஸுக்கும் சேர்த்தே போட்டுச்சு. அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, "என் வயசுக்கு இது எவ்வளவு பொருந்தும்"னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ரத்தக்கட்டு ரிஸ்க் நோயாலயே கூடும், முக்கியமா நோய் தீவிரமா இருக்கும்போது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ ஸ்டடி தேடிட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

இந்த நோய் இருக்கறவங்களுக்கு பெருங்குடல் கேன்சர் வருதான்னு பார்க்க, பொதுவா அறிகுறி ஆரம்பிச்சு 8 வருஷத்துல கொலோனோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டு பெருங்குடலைப் பார்க்கிற டெஸ்ட்) கண்காணிப்பு தொடங்குவாங்க, பிஎஸ்சிங்கிற பித்தநாள நோயும் இருந்தா அது தெரிஞ்ச உடனேயே.