மண்ணில் கிடைத்த ராணுவப் பட்டன் எந்தக் காலத்தது? முதல்முறை தேடுபவர்களுக்கு

இங்கிலாந்தில் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடக்க ஆரம்பித்தால், நாணயம் கிடைக்கிறதோ இல்லையோ, பட்டன் கிடைத்துவிடும். எனக்கு முதலில் கிடைத்தது பச்சையேறிய ஒரு பித்தளைப் பட்டன். வீட்டுக்கு வந்ததும் நேராகப் புளியைத்தான் எடுத்தேன். குத்துவிளக்கு தேய்த்து வளர்ந்த கை! களிம்பு போனது, கூடவே ஒட்டிக்கொண்டிருந்த தங்க முலாமும் போனது.

ஒரு விஷயம் முன்கூட்டியே. அங்கே நில உரிமையாளரின் அனுமதி இருந்தால்தான் தேடலாம்; பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கால் வைக்கவே கூடாது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஊரில் போய் முயன்று பார்க்க வேண்டாம்.

படி 1: தேய்க்காதீர்கள்

ஈர மண்ணைக் காயவிட்டு, பல்குச்சியால் மெல்லத் தட்டி எடுங்கள். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. சாம்பல் நிறப் பட்டன் என்றால் பிரஷ்கூட வேண்டாம், மேல்பரப்பு பொடியாக உதிர்ந்துவிடும்.

படி 2: பின்பக்கத்தைத் திருப்புங்கள்

எல்லோரும் முகப்பையே உற்றுப் பார்க்கிறார்கள். பின்பக்கம்தான் அதிகம் பேசும். ஒரே வார்ப்பாகத் தட்டையாக இருக்கிறதா, அல்லது இரண்டு தகடுகளை விளிம்பில் மடித்து மூடி, உள்ளே வெற்றாக இருக்கிறதா? மடித்து மூடிய வகை 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வந்தது. தைப்பதற்கான காதைச் சுற்றி எழுத்து இருந்தால் அது செய்தவர் பெயர்: ஃபிர்மின், ஜென்னன்ஸ், காண்ட் என்று லண்டன், பர்மிங்காம் பெயர்களாக வரும். 'பட்டன்ஸ் லிமிடெட்' என்று இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இதை நினைவில் வையுங்கள், 4ஆம் படியில் தேவைப்படும்.

படி 3: உலோகமும் எண்ணும்

எனக்குப் பிடித்த கட்டம் இது. பிரிட்டிஷ் காலாட்படையின் பட்டன்களில் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண் போடும் வழக்கம் 1767 வாக்கில் தொடங்கியது. சாதாரணச் சிப்பாய்க்கு அப்போது பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. 1855இல் அது பித்தளைக்கு மாறியது. 1871இல் சிப்பாய்களின் பட்டன்களிலிருந்து எண்ணே போய், சிங்கமும் யூனிகார்னும் தாங்கும் அரச முத்திரையுடன் எல்லோருக்கும் பொதுவான பட்டன் வந்தது.

ஆக, எண் போட்ட சாம்பல் நிற பியூட்டர் பட்டன் என்றால் 1855க்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம். எண் போட்ட பித்தளை என்றால் 1855க்கும் 1871க்கும் இடையில். முலாம் பூசிய அதிகாரிகளின் பட்டன் மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்கு எண் 1881 வரை நீடித்தது.

எண் தெரியவில்லையா? அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பட்டனுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாக வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். வெறும் சாம்பல் வில்லை என்று நான் தூக்கிப்போட இருந்த ஒன்றில், நிழல் விழுந்த நொடியில் வளையத்துக்குள் 33 எழுந்து நின்றது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட அதே ரெஜிமென்ட். (33 ஆனதால் பிழைத்தேன். 6, 9 என்றால் எது தலை, எது கால் என்று குழம்பிப் போவீர்கள்.)

படி 4: கிரீடம்

மேல்வளைவு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் விக்டோரியா, அல்லது இரண்டாம் எலிசபெத். குவிமாடம் போல உருண்டு எழுந்திருந்தால் பெரும்பாலும் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்ட அரசர்கள் காலம். இரண்டு ராணிகளையும் பிரிக்கத்தான் பின்பக்க எழுத்து. பள்ளக் கிரீடமும் 'பட்டன்ஸ் லிமிடெட்'டும் சேர்ந்து வந்தால் அது விக்டோரியா காலத்ததாக இருக்கவே முடியாது. இறகு மாதிரி எடையில்லாமல், தங்கம் போலப் பளபளத்தால் அது அலுமினியம். அதுவும் எலிசபெத் காலம்தான்.

கிரீடம் இருந்தாலே ராணுவம் என்று குதிக்காதீர்கள். போலீஸ் பட்டனிலும் கிரீடம் உண்டு. பிரபுக்களின் வேலைக்காரர் சீருடையிலும் குடும்பச் சின்னம் உண்டு. இறுகக் கட்டிய மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பின்னல் என்றால் ரயில்வேயாக இருக்க வாய்ப்பு அதிகம். நங்கூரத்தில் கயிறு சுற்றியிருந்தால் கடற்படைப் பக்கம் தேடுங்கள். அங்கே அதிகாரிகளின் நங்கூரத்துக்கு மேலே கிரீடம் ஏறியது 1812இல்.

படி 5: வயலை நம்பாதீர்கள்

"33 கிடைத்தது, அப்படியென்றால் படை இங்கே முகாம் போட்டிருக்கிறது" என்று நானும் கதை கட்டினேன். பழைய ராணுவக் கோட்டுகள் கைமாறி, பண்ணைக் கூலிகளின் முதுகுக்குப் போயின. கிழிந்த கம்பளித் துணியை வயலுக்கு உரமாகவும் போட்டார்கள். அதோடு பட்டன்களும் மண்ணுக்கு வந்தன. ஒரே இடத்தில் பட்டனோடு துப்பாக்கிக் குண்டுகளும் நிறையக் கிடைத்தால் மட்டும் முகாமைப் பற்றி யோசியுங்கள்.

அப்புறம், எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் அன்றைக்கே ஒரு காகித உறையில் எழுதி, பட்டனை அதிலேயே போடுங்கள். ஈரம் தங்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம். என் 33 எந்த மூலையில் கிடைத்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே தெரியாது.